எட்டாவது வெற்றி

புது விளையாட்டரங்கத்தின் சுவரில் சாந்தோவின் முகத்தை வரைந்து முடித்தாயிற்று. உடைந்த மூக்கை உள்ளபடியே வரைந்த ஓவியன், மற்ற இடங்களில் இல்லாத அழகைக் கொஞ்சம் சேர்த்துவிட்டான். போகட்டும், உலகச் சாம்பியனுக்கு அந்தச் சலுகைகூட இல்லாமலா? முகத்துக்குக் கீழே 'கிரிசாந்தோ ஒம்பாட், தலிபுவான் ஊர் பெற்ற குத்துச்சண்டை வீரர்' என்று எழுதினான். அதற்குக் கீழே 'வெற்றிகள்' என்று எழுதினான். எண் வரவேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு ஏணியை மடக்கிக்கொண்டு போய்விட்டான். முப்பத்தெட்டு என்று எழுதுவதா, இருபத்தாறு என்று எழுதுவதா என்று ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை. திருவிழாவோ நெருங்கிவிட்டது.

அந்தச் சண்டை முழுக்க என் கடையில்தான் நடந்தது. சந்தை வாசலில் விடிந்ததும் கடை போடுவேன். ஒட்டும் அரிசியை இஞ்சியும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்து, கூடவே கட்டிக் கொக்கோவைக் கரைத்துச் சூடாகக் கொடுப்பேன். வருகிறவர்கள் வாயைத் தின்பதற்கு மட்டும் பயன்படுத்தினால் எனக்கு இன்னும் இரண்டு மடங்கு வியாபாரம் நடக்கும். ஆனால் எங்கள் ஊரில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்தால் மூன்றாவதாகக் குத்துச்சண்டையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பேச்சில் இரண்டு தலைகள். ஒருவர் முடிவெட்டும் தெபான். சாந்தோ பையனாக இருந்தபோது அவனுக்கு முதன்முதலில் கையுறை மாட்டிவிட்டவர் என்று சொல்லிக்கொள்வார். அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். மற்றவன் ராமில். உள்ளூர் ரேடியோவில் காலையில் விளையாட்டுச் செய்தி படிக்கிறவன். சாந்தோ பட்டம் வாங்கிய வருஷம் இவன் தொட்டிலில் கிடந்தான்.

"மொதப் பன்னெண்டும் ஜெயிப்பா அண்ணே?" என்று ராமில் ஆரம்பிப்பான். "திருவிழாவுக்குத் திருவிழா கூடைப்பந்து மைதானத்துல கயித்தக் கட்டி, மீன் பிடிக்கறவனையும் கரும்பு வெட்டறவனையும் புடிச்சாந்து நிறுத்துனா, நான்கூடத்தான் ஜெயிப்பேன்."

"நீயா? மைக்கத் தூக்குனாலே உனக்கு மூச்சு வாங்குது."

"சிரிச்சு மழுப்பாதீங்க. சாம்பியன்னா யாரை அடிச்சான்னு கேப்பாங்க. மணிலாக்காரன அடிச்சாரு, எழுதுங்க. ஜப்பான் போயி அவன் ஊர்லயே அவன அடிச்சாரு, பெருசா எழுதுங்க. பக்கத்துத் தெரு ஆளு விழுந்ததையும் சேத்து எழுதுனா, வெளியூர்க்காரன் வந்து பாத்துட்டு மொத்தத்தையும் சந்தேகப்படுவான்."

தெபான் கொக்கோவை ஊதி ஊதிக் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த நேரத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள், அதற்காகத்தான் அந்த ஊதல்.

"டேய், பன்னெண்டு தடவ கையத் தூக்கிக் காட்டுனவன் பதிமூணாவது தடவ எப்படி ஏறுவான் தெரியுமா? தோக்கறதுன்னா என்னன்னே தெரியாம ஏறுவான். மணிலாக்காரன் குத்தப் பாத்தா பயந்தான்? மூஞ்சியப் பாத்துல்ல பயந்தான்! அந்த மூஞ்சியச் செஞ்சு குடுத்தது இந்தப் பன்னெண்டுதான். அதை அழிச்சுட்டா, ஜப்பான் ஜெயிப்பு அந்தரத்துலல்ல நிக்கும்?"

"அந்தப் பன்னெண்டும் போல்டோ வாங்கிக் குடுத்ததா இருந்தா?"

போல்டோ சாந்தோவுக்குச் சண்டை ஏற்பாடு செய்துகொடுத்த முதல் முதலாளி. செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது, எதிராளியின் வீட்டுக்கு முதல் நாளே போய்விடுகிற மனுஷன் என்று பெயர்.

"வாங்கிக் குடுத்தா என்ன? அவன் நெஞ்சுல வந்த தைரியம் நெசந்தான?" என்பார் தெபான்.

"திருட்டு மாட்டுப் பால்லயும் நெய் வரும்ங்கறீங்க."

"வரும்ல?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் ராமில் கடைக்கு வந்து, பாதி வழியிலேயே கத்தினான். சாந்தோவே நகரத்திலிருந்து ஊர்த்தலைவரிடம் போனில் பேசிவிட்டானாம். முதல் பன்னிரண்டை விட்டுவிடுங்கள், இருபத்தாறு என்று எழுதினால் போதும் என்றானாம். தெபானுக்கு முகம் தொங்கிவிட்டது. அன்று ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

இதில் எனக்கு என்ன என்றால், அந்தப் பன்னிரண்டில் எட்டாவது ஆள் என் புருஷன்.

அவர் பெயர் பெலிமோன். ஊருக்கு இமோன். பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாதா திருவிழாவில், ஊர் மொத்தமும் பார்க்க, சாந்தோ என்கிற பத்தொன்பது வயசுப் பையனிடம் ஆறாவது ரவுண்டில் விழுந்தார். எழவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஊர் வைத்த பெயர் 'ஆறாவது'. "ஆறாவது அண்ணே, சந்தைக்கு வர்றீங்களா?" என்று கூப்பிட்டு ஏறுவார்கள். "வளைவுல பாத்து, விழுந்துறாதீங்க" என்று சொல்லி இறங்குவார்கள். இவரோ அதற்கும் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். அந்தச் சண்டைக்கு முந்தின நாள் போல்டோ எங்கள் வீட்டுக்கு வந்தார். சைக்கிள் வண்டியில் ஒரு மூட்டை அரிசி. நான் அப்போது முழுகாமல் இருந்தேன், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் புயல் வந்து படகுகளைத் தின்றுவிட்டுப் போயிருந்தது, சோளக்கஞ்சிதான் வீட்டில். வாசலில் நின்று போல்டோ மெதுவாகச் சொன்னது ஓலைச்சுவர் வழியே எனக்குக் கேட்டது. "மூணாவதுல முடிச்சுக்க தம்பி. அடி படாது. வீட்ல வேற ரெண்டு உயிரு இருக்கு."

மூன்றில் விழச் சொன்னதை அவர் ஆறு வரை இழுத்தார். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று இழுத்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. சில விஷயங்களைப் பேசினால் குறைந்துபோகும் என்று விட்டுவிட்டேன். அந்த அரிசியில்தான் என் வயிற்றுப் பிள்ளை தேறியது. பெண் பிறந்ததும் சாந்தோதான் ஞானத்தகப்பனாகக் கோயிலில் வந்து நின்றான். எங்கள் பக்கம் அப்படி நின்றுவிட்டால், பெற்றவனும் அவனும் ஒருவருக்கொருவர் 'பாரே', பெற்றவள் 'மாரே'. சாகிறவரை அந்த உறவு விடாது. இது அவன் நன்றிக்கடன் தீர்க்கிற வழி என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வராமல் இருக்குமா? நான் வளர்த்த பன்றியை என்னைக் கேட்காமல் விற்று டயர் வாங்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். என் பிறந்தநாளை மறந்துவிட்டு அடுத்த வீட்டுச் சேவலுக்கு மருந்து வாங்கப் போயிருக்கிறார். அப்போதெல்லாம் அந்த மைதானத்தில் அவர் கிடந்த கிடையை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு வலுவுள்ள ஆம்பிளை, ஊர் முன்னால், எனக்காகப் படுத்தான். அது போதும், கோபம் இறங்கிவிடும்.

சாந்தோ பேசிய செய்தி வந்த மறுநாள் இமோனும் கடையில் இருந்தார். ராமில் பெஞ்சில் இடம் விட்டு உட்காரவைத்து, நாலு பேருக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தான்.

"அண்ணே, உங்களத்தான் கேக்கணும். அன்னிக்கி நெசமாலுமே மயங்குனீங்களா, இல்ல லேசாத் தூக்கம் வந்துச்சா?"

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. இமோனும் சிரித்தார்.

"காத்து நல்லா வந்துச்சு தம்பி," என்றார்.

"சாம்பியனே வேணாங்கறாரு பாத்தீங்களா? ஆள் தரம் அப்படி! காத்தடிச்சா விழற ஆள எல்லாம் ஜெயிச்சேன்னு சொல்ல அவருக்கே கூச்சமா இருக்கு."

என் கையிலிருந்த கரண்டி கொக்கோவில் விழுந்தது.

"யார்ரா காத்தடிச்சா விழற ஆளு?" என்றேன். "என் புருஷன் தோக்கலடா. குடுத்தாரு! போல்டோ அரிசி மூட்டையோட வந்து எங்க வாசல்ல நின்னதை நான் பாத்தேன். மூணாவதுல விழுன்னு சொன்னதைக் கேட்டேன். வயித்துல புள்ளையோட ஒருத்தி பட்டினி கெடக்காளேன்னு, ஜெயிக்கவேண்டிய சண்டையக் குடுத்துட்டு வந்த மனுஷன்யா இவரு. இல்லாட்டி உங்க சாம்பியன் அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பான். போய் உன் ரேடியோல சொல்லு!"

சிரிப்பு நின்றுவிட்டது. தெபான் வாயைத் திறந்தவர் மூடவில்லை. இமோனைப் பார்த்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார், எழுந்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சொன்ன?" என்றார்.

"பொய்யா சொன்னேன்? மூட்டை வரலையா?"

"வந்துச்சு."

"தின்னோமா இல்லையா?"

"தின்னோம்."

"அப்புறம் என்னய்யா?"

துணியைப் பிழிந்து மறுபடியும் துடைத்த இடத்தையே துடைத்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நல்லது செய்தவர்களுக்கு அதை வெளியே சொன்னால் வெட்கம் வரும்தானே.

ராமில் ரேடியோவில் சொல்லித்தான் விட்டான். அன்றிலிருந்து இமோனின் வண்டியில் ஏறியவர்கள் யாரும் 'ஆறாவது' என்று கூப்பிடவில்லை. சிலர் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினார்களாம். கேட்கக் கேட்க எனக்குத் தலை நிமிர்ந்தது.

திருவிழா அன்று எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. பூசை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் வந்து தட்டை எடுத்துச் சாப்பிடலாம். சாம்பியன் வழக்கமாக ஊர்த்தலைவர் வீட்டில்தான் சாப்பிடுவான், அங்கே முழுப்பன்றி சுட்டு வைத்திருப்பார்கள். இந்த முறை கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே பாதி ஊர் வந்தது. தெபானும் ராமிலும் முண்டியடித்து உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள்.

சாந்தோ உடம்பு பெருத்துவிட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். தட்டில் சோறு போட்டுக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டானே தவிர, கை வைக்கவில்லை.

"பாரே," என்றான் இமோனிடம். "மாரே கடையில சொன்னது நெசமா?"

"எது?"

"அரிசி."

"அரிசி வந்தது நெசம்," என்றார் இமோன்.

சாந்தோ தலையை ஆட்டினான். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை டாக்டர் வாயால் கேட்டவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

"பட்டம் போனப்புறம் நான் போல்டோவ விட்டு விலகுனேன்ல? அன்னிக்கிக் கோவத்துல ஒரு வார்த்த சொன்னாரு. 'மொதப் பன்னெண்டும் நான் சமைச்சு வச்சது, நீ வந்து தின்ன. அவ்வளவுதான் உன் வீரம்'னாரு. அதுக்கப்புறம் எவனாவது என்னையச் சாம்பியன்னு கூப்பிட்டா, அந்தப் பன்னெண்டு மூஞ்சியும் வரிசையா வந்து நிக்குது பாரே. உன் மூஞ்சி உட்பட. எத்தனை தடவ இந்த வீட்டுக்கு வந்திருக்கேன், கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். பயம். குத்து வாங்கப் பயந்ததில்ல, இதைக் கேக்கப் பயந்துட்டேன்."

தெபானால் பொறுக்க முடியவில்லை. "அதனால என்னப்பா? ஜப்பான்காரன் விழுந்தது நெசந்தான? அவனுக்கு யாரு அரிசி குடுத்தா?"

"அவன் முன்னால ஏறும்போது, என்னைய எவனும் சாய்க்க முடியாதுன்னு நம்பி ஏறுனேன் அண்ணே. நீங்களே சொல்வீங்களே, அந்த நம்பிக்கைதான் ஜெயிச்சுதுன்னு. அது கள்ளச்சரக்குன்னா, ஜப்பான்ல ஜெயிச்சது யாரு? நானா, போல்டோவா?"

தெபான் ராமிலைப் பார்த்தார். இத்தனை நாள் இதையேதான் பேசிக்கொண்டிருந்த ராமிலும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு என்னவோ போலிருந்தது. என் புருஷனை உயர்த்தத்தான் நான் வாயைத் திறந்தேன். இவ்வளவு பெரிய ஆள் என் வீட்டு நாற்காலியில் சிறுத்துப்போய் உட்காருவதைப் பார்க்க அல்ல.

இமோன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அரிசி வந்துச்சு. மூணாவதுல விழச் சொன்னாரு. நான் விழல."

"ஆறாவதுல விழுந்தியே?"

"அது நீ அடிச்சு விழுந்தது."

நான் கையிலிருந்த குழம்புச் சட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"மூட்டையத் திருப்பிக் குடுத்துறலாம்னுதான் பாத்தேன்," என்றார் இமோன். "அதுக்குள்ள இவ அவுத்துப் பானையில போட்டுட்டா. வாசம் வேற வந்துருச்சு. சரி, தின்னுட்டு ஜெயிச்சுருவோம், போல்டோ வந்து கேட்டா வயித்துல இருக்கு எடுத்துக்கன்னு சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சாந்தோ சிரிக்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னையத் தேத்தறதுக்குச் சொல்லாத பாரே."

"ஏன் தேத்தணும்? மூணாவது ரவுண்டுல போல்டோ கயித்தப் புடிச்சுக்கிட்டு 'இப்ப! இப்ப!'ன்னு கத்துனாரே, ஞாபகம் இருக்கா?"

சாந்தோவின் தலை நிமிர்ந்தது. "கத்துனாரு. எனக்குச் சொல்றாருன்னு நெனச்சுல்ல நான் பாஞ்சேன்!"

"எனக்குச் சொன்னாருய்யா, விழுடான்னு. நீ பாஞ்சு வந்த, உன் காதுமேல நான் ஒண்ணு வச்சேன்."

"வச்ச! நல்லா வச்ச! எனக்கு மணி அடிச்சது கேக்காம நின்னனே! விழப்போறவன் எதுக்கு அப்படி ஒரு அடி அடிக்கணும்?" நாற்காலி கிறீச்சிட்டது, பாதி எழுந்துவிட்டான்.

"அப்புறம் ஆறாவது. எடது கையால இங்க." இமோன் சட்டையைத் தூக்கி வலது விலாவின் கீழ்ப்பக்கம் விரலை வைத்தார். "எலும்பு ஒண்ணு விட்டுருச்சு. தலையில அடிபடல பாரே, தலை தெளிவாத்தான் இருந்துச்சு. நடுவர் எண்ணறது ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. அஞ்சுல எந்திரிச்சுரலாம்னு நெனச்சேன். ஏழுலயும் நெனச்சேன். காலு என் பேச்சக் கேக்கல. முடிஞ்சதும் போல்டோ வந்து, மூணுக்கு ஆறா ஆனாலும் விழுந்தியேன்னு தோளத் தட்டிட்டுப் போனாரு. நெசமா விழுந்தேன்னு அந்தாளுக்கே தெரியாது."

அந்த விலா எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் அந்தப் பக்கம் படுப்பதில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிடித்தது என்று சொல்லி வைத்திருந்தார், நானும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"மத்த பதினோரு பேரப் பத்தி எனக்குத் தெரியாது," என்றார் இமோன். "எட்டாவது நீ ஜெயிச்சது. நான் தோத்தது. அதை அழிக்கச் சொல்லாத பாரே. அதை அழிச்சா நான் அந்தக் கயித்துக்குள்ள ஏறவே இல்லைன்னு ஆயிரும். எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். ஒரு உலகச் சாம்பியன் என்னைய அடிச்சுத்தான் விழவச்சான். அவனத்தான் என் புள்ளைக்கு ஞானத்தகப்பனாக் கேட்டேன். வேற எதுக்குக் கேட்டேன்னு நெனச்ச?"

சாந்தோ அழுதுவிட்டான். பட்டத்தை வாங்கியபோது சிரித்துக்கொண்டிருந்தவன், அதை இழந்தபோதும் கேமராவுக்குக் கையாட்டியவன், மடியில் தட்டை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். இமோன் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து சாந்தோ மூக்கைத் துடைத்துக்கொண்டு ராமிலைத் தேடினான்.

"தம்பி, தலைவர்கிட்டச் சொல்லு. இருபத்தேழு."

"முப்பத்தெட்டு இல்லையா?" என்றார் தெபான், விடாமல்.

"மத்தவங்க வீட்டுக்கும் போறேன் அண்ணே. ஒவ்வொருத்தனாப் போய்க் கேக்கறேன். நெசமாவே அடிபட்டு விழுந்தேன்னு ஒருத்தன் சொன்னா ஒண்ணு கூட்டிக்குவோம். அதுவரைக்கும் இருபத்தேழு."

பிறகு மூன்று தட்டு சாப்பிட்டான். பன்றி இறைச்சியில் மொறுமொறுப்பான தோலை மற்றவர்களுக்கு விட்டுவைக்கவில்லை. போகும்போது வாசலில் இமோனை நிறுத்தி, அந்த விலாவில் கையை வைத்துப் பார்த்தான். "வலிக்குதா பாரே?" என்றான். "மழைக்கு," என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எல்லோரும் போனபிறகு வீடு எச்சில் தட்டுகளால் நிறைந்திருந்தது. பின்கட்டில் குத்தவைத்துக் கழுவ ஆரம்பித்தேன். இமோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கழுவியதை வாங்கிக் கவிழ்த்துவைத்தார். முப்பது வருஷமாக நான் சாய்ந்துகொண்டிருந்த சுவர் அங்கே இல்லவே இல்லை என்று தெரிந்துவிட்டது. எனக்காகப் படுத்தவர் என்று நினைத்து எத்தனை கோபத்தை முழுங்கியிருக்கிறேன். அந்தப் பன்றி விற்றதைக்கூட மன்னித்தேனே, எல்லாம் வீணா?

"அப்ப எனக்காக நீ விழவே இல்ல," என்றேன்.

"இல்ல."

"எனக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்."

"நீ கேக்கவே இல்லையே."

ஒரு தட்டை அவர் கையில் கொஞ்சம் வேகமாகவே கொடுத்தேன். வாங்கிக் கவிழ்த்தார்.

"எந்திரிக்கத்தான் பாத்தேன் மெர்லின். உனக்காகத்தான். நீ வயித்தப் புடிச்சுக்கிட்டு நேரா எதிர்ல நின்ன. உன் மூஞ்சியப் பாத்துட்டே எந்திரிக்கப் பாத்தேன். முடியல. எண்ணி முடிச்சாங்க. அப்பவும் நீ சிரிச்சுட்டு நின்ன. ஊரே கத்துது, இவ மட்டும் என்னையப் பாத்துச் சிரிக்கறா. தோத்தாலும் இவளுக்கு நான் போதும்போலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எவன் கேலி பண்ணாலும் எனக்கு உறைக்கல."

நான் ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். பேசினபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனி அரிசியைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று சிரித்தேன். அவர் உடைந்த எலும்போடு எழப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நிம்மதியாக நின்றிருக்கிறேன்.

இமோன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

"அரிசிக்கா சிரிச்ச?" என்றார்.

"ஆமா."

அவர் கவிழ்த்த தட்டை எடுத்து, துடைத்து, மறுபடியும் கவிழ்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, தோற்ற மனுஷனின் முகத்தை அவரிடம் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கித்தான் நீ நெசமாத் தோத்தது எனக்குத் தெரியாது," என்றேன். "இன்னிக்கி ஊர் முன்னால சொல்லிட்டல்ல, தோத்தேன்னு? கேட்டுட்டு எங்கயாவது எந்திரிச்சுப் போயிட்டனா? இங்கதான்யா உக்காந்திருக்கேன்."

அடுத்த தட்டை அவரிடம் நீட்டினேன். அவர் தட்டை விட்டுவிட்டு என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.